இந்தியாவில் ஏறிவரும் பிரஷர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரத்தக் கொதிப்பு, பிரஷர், உயர் ரத்த அழுத்தம்... மூன்றும் ஒன்றுதானா?

ஒன்றுதான். ஆனால் 'ரத்தக் கொதிப்பு' என்ற பெயர் செய்த கெடுதல் கொஞ்சநஞ்சமல்ல. கொதிப்பு என்றதும் சூடு, படபடப்பு, கோபம் என்று நினைப்பு போய்விடுகிறது. வீட்டுச் சண்டையில் 'என் பிரஷரை ஏத்தாதே' என்கிறோம். கோபம் வந்தால் ஏறும், தணிந்தால் இறங்கும் என்று அதை ஒரு குணம்போல ஆக்கிவிட்டோம். நோய் அப்படி இல்லை. ஓடும் ரத்தம் குழாய்ச் சுவரை எவ்வளவு அழுத்துகிறது என்பதுதான் கணக்கு. இதயம் சுருங்கும்போது உள்ள அழுத்தம் மேல் எண், தளரும்போது உள்ளது கீழ் எண். வாய் பேசாத சாதுவுக்கு 170 இருக்கலாம். எடுத்ததற்கெல்லாம் எரிந்து விழுகிறவருக்கு 118 இருக்கலாம்.

எவ்வளவு இருந்தால் அதிகம்?

வேறு வேறு நாட்களில் பார்த்தும் மேல் எண் 140 அல்லது கீழ் எண் 90-ஐத் தொட்டால் அல்லது தாண்டினால் உயர் ரத்த அழுத்தம். இரண்டும் ஏற வேண்டும் என்பதில்லை, ஒன்று ஏறினாலே போதும். வீட்டில் நிதானமாகப் பார்க்கும்போது வரம்பு கொஞ்சம் கீழே, 135/85. அமெரிக்க இதய மருத்துவச் சங்கங்கள் 2017-ல் இதை 130/80 என்று இறக்கின. இந்திய அரசு மருத்துவமனைகளும் உலக சுகாதார நிறுவனமும் 140/90-ஐயே வைத்திருக்கின்றன. ஏற்கெனவே இதய நோய் வந்தவருக்கு 130-லேயே மருந்து தொடங்கச் சொல்வார்கள். சர்க்கரையோ சிறுநீரகக் கோளாறோ இருப்பவருக்கும் 130-லேயே யோசிக்கத் தொடங்குவார்கள்.

நாட்டில் நிஜமாகவே கூடுகிறதா? இப்போது எல்லோரையும் சோதிப்பதால் கூடியதுபோலத் தெரிகிறதா?

நியாயமான சந்தேகம். இரண்டிலும் உண்மை இருக்கிறது.

முதலில் அளவுகோல் மாறியது. 1978-ல் உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு வைத்த கோடு 160/95. அந்தக் கோட்டை வைத்து எண்ணிய பழைய கணக்கில் 150/92 உள்ளவர் ஆரோக்கியமானவர். இன்று அவர் நோயாளி. பழைய சதவீதத்தையும் புதிய சதவீதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 'இத்தனை மடங்கு ஏறிவிட்டது' என்று சொல்லும் செய்திகளைக் கொஞ்சம் தள்ளி வைத்தே படியுங்கள்.

இப்போதைய ஆய்வுகளும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் பெண்களில் 21.3 சதவீதம், ஆண்களில் 24 சதவீதம். அது 15 வயதுப் பிள்ளைகளையும் சேர்த்து எடுத்த சராசரி. 2017-18-ல் 18 முதல் 69 வயது வரை எண்ணிய தேசியக் கண்காணிப்பு ஆய்வில் 28.5. ஒரு லட்சத்துப் பதின்மூவாயிரம் பேரை நேரில் சோதித்து 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 'இண்டியாப்' (INDIAB) ஆய்வில் 35.5. ஐந்தாறு ஆண்டில் 28 என்பது 35 ஆகிவிட்டது என்று இதற்குப் பொருள் இல்லை. எண்ணிய ஆட்களும் வயதும் வேறு, எண்ணிய முறையும் வேறு.

இவ்வளவையும் கழித்த பிறகும் மிஞ்சுவது பெரிய எண்தான். 2023-ல் உலக சுகாதார நிறுவனம் போட்ட கணக்கில், 30 முதல் 79 வயதுக்குள் உள்ள இந்தியர்களில் ஏறத்தாழ 18.8 கோடிப் பேருக்கு இந்த நோய் இருக்கிறது. உலக அளவில் 1990-க்கும் 2019-க்கும் இடையே எண்ணிக்கை இரட்டிப்பானது. அந்தச் சுமையின் பெரும்பகுதி இப்போது நம்மைப் போன்ற நாடுகளின் தலையில். ஒரு காரணம் நல்ல காரணம்: காலராவிலும் காசநோயிலும் நாற்பதில் போய்ச்சேர்ந்தவர்கள் இப்போது எழுபது வரை வாழ்கிறார்கள். வயதானால் குழாய் விறைக்கும், அழுத்தம் ஏறும். ஆனால் முப்பத்தைந்து வயதுக்காரருக்கு ஏறுவதற்கு இந்தச் சமாதானம் உதவாது.

வயலில் உழைக்கிறவருக்கு எப்படி வருகிறது? இது பணக்கார வியாதி இல்லையா?

ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தோம். ஐ.சி.எம்.ஆர். ஆய்வில் நகரம் முந்துகிறது, உண்மைதான். ஆனால் கிராமத்திலும் மூன்றில் ஒருவர் என்ற அளவுக்கு வந்துவிட்டது.

உழைப்பு குறைந்துவிட்டது. நாற்று நட எந்திரம், அறுக்க எந்திரம், கடைக்குப் போக வண்டி. குறையாதது உப்பு. வெயிலில் ஆறேழு மணி நேரம் வியர்த்தவருக்குப் பழைய சோறும் கருவாடும் ஊறுகாயும் தாங்கும். வியர்வை நின்ற பிறகும் நாக்கு அதே உப்பைத்தான் கேட்கிறது. அதோடு பாக்கெட் மிக்சர், புகையிலை, டாஸ்மாக். பெருநகரங்களில் காற்று மாசும் அழுத்தத்தை ஏற்றுகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன.

அதிகம் பேசப்படாத ஒன்று, தாய் வயிற்றுக் கணக்கு. சிறுநீரகத்தின் வடிகட்டிகள் முழுவதும் பிறப்பதற்கு முன்பே உருவாகிவிடுகின்றன, பிறகு ஒன்றுகூடச் சேராது. தாய்க்குச் சாப்பாடு போதாமல் எடை குறைந்து பிறந்த குழந்தைக்கு வடிகட்டிகள் குறைவு. அந்தக் குழந்தை வளர்ந்து, கையில் காசு வந்து, வயிறு நிறைய உப்பும் எண்ணெயுமாகச் சாப்பிடும்போது அந்தச் சிறுநீரகம் திணறுகிறது. அழுத்தத்தை ஏற்றித்தான் உப்பை வெளியே தள்ள முடிகிறது. அம்மாவின் பட்டினியும் மகனின் பரோட்டாவும் ஒரே உடம்பில் சந்திக்கின்றன. வறுமையிலிருந்து வேகமாக ஏறிவந்த நாடுகளில் இந்த நோய் பெருகுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்பது என் எண்ணம்.

எங்கள் வீட்டில் உப்பு கம்மிதான். அளவு தெரிந்துகொள்ள வழி உண்டா?

எல்லா வீட்டிலும் இதையேதான் சொல்வார்கள். நாக்கை நம்பாதீர்கள், உப்புப் பாக்கெட்டைப் பாருங்கள்.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உச்சவரம்பு பெரியவர் ஒருவருக்கு நாளைக்கு 5 கிராமுக்கும் கீழே, அதாவது தலைதட்டிய ஒரு டீஸ்பூன். நான்கு பெரியவர்கள் உள்ள வீட்டில் நாளைக்கு 20 கிராம். ஒரு கிலோ பாக்கெட் ஐம்பது நாள் வரவேண்டும். புதுப் பாக்கெட்டைப் பிரிக்கும் அன்று அதன்மேல் தேதியை எழுதிவையுங்கள். இருபத்தைந்து நாளில் தீர்ந்தால் ஆளுக்கு 10 கிராம். ஊறுகாய் போட்ட மாதத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். கடையில் வாங்கிய அப்பளம், பிஸ்கட், முறுக்கு, ஓட்டல் சாப்பாடு இவற்றில் உள்ள உப்பு பாக்கெட்டில் தெரியாது, அது தனி வரவு. மேலே சொன்ன 2017-18 தேசியக் கண்காணிப்பு ஆய்வில் சிறுநீரைச் சோதித்துக் கண்ட சராசரி நாளைக்கு 8 கிராம்.

மேலைநாடுகளில் உப்பு பெரும்பாலும் பாக்கெட் உணவில் வருகிறது. அங்கே ஆலைக்காரர்களைக் கட்டுப்படுத்தினால் பாதி வேலை முடியும். நம் உப்பில் பெரும்பங்கு நம் சமையற்கட்டில்தான் விழுகிறது. இது வசதியும்கூட, சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. சோறு வடிக்கும்போதும் சப்பாத்தி மாவிலும் போடும் உப்பை முதலில் நிறுத்துங்கள். குழம்பும் பொரியலும் தொட்டுச் சாப்பிடும் உணவுக்கு அது தேவையே இல்லை. சாப்பாட்டு மேசையில் உப்புக் கிண்ணம் வேண்டாம். மூன்று நான்கு வாரத்தில் நாக்கு பழகிவிடும், அதற்குள் வீட்டில் ஒரு சண்டை நிச்சயம்.

இந்துப்பு சாப்பிட்டால் பரவாயில்லையா?

இல்லை. இந்துப்பு, கல் உப்பு, தூள் உப்பு எல்லாமே ஏறக்குறைய முழுக்க சோடியம் குளோரைடுதான். நிறத்துக்குத்தான் கூடுதல் காசு. அயோடின் சேர்க்காததாக இருந்தால் அந்த நன்மையும் போச்சு.

பலன் உள்ள மாற்று வேறொன்று உண்டு. சோடியத்தில் ஒரு பங்கைக் குறைத்துப் பொட்டாசியம் சேர்த்த உப்பு. சீனாவில் 600 கிராமங்களில் சுமார் 21,000 பேரிடம் செய்து 2021-ல் வெளியான ஆய்வில், கால் பங்கு பொட்டாசியம் கலந்த உப்பைப் பயன்படுத்தியவர்களுக்குப் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இதைத் தொடக்கூடாது. டெல்மிசார்டன், எனலாப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டே வாங்க வேண்டும். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும்.

தலைவலி இல்லை, தலைசுற்றல் இல்லை. எனக்கு எதற்கு மாத்திரை?

தலைவலி வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தவர்கள்தான் பக்கவாத வார்டில் அதிகம். பெரும்பாலானவர்களுக்கு 180 இருந்தாலும் ஒன்றும் தெரியாது. உள்ளே குழாய்ச் சுவர் தடித்துக்கொண்டே போகும், இதயத் தசை புடைக்கும், சிறுநீரகம் கசியும், விழித்திரையில் ரத்தம் கசியும். இவை எதுவும் வலிக்காது. முதல் அறிகுறியே வாய் கோணுவதாக இருக்கலாம். முப்பது வயது தாண்டிய எல்லோரும் வருடத்துக்கு ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

வயதோடு நூறைக் கூட்டினால் வருவதுதான் சரியான பிரஷர் என்கிறார்களே?

பழைய கணக்கு, தவறான கணக்கு. எழுபது வயதில் 170 பரவாயில்லை என்றாகிவிடும். பிரேசில் காட்டில் வாழும் யானோமாமி மக்கள் உப்பே சேர்க்காமல் சாப்பிடுகிறவர்கள். பல நாடுகளில் உப்பையும் அழுத்தத்தையும் அளந்து 1988-ல் வெளியான இன்டர்சால்ட் ஆய்வில் அவர்களுக்கு வயது ஏறியும் அழுத்தம் ஏறவில்லை. வயதானால் ஏறுவது வழக்கமாக இருக்கலாம், அதனால் அது சரியாகிவிடாது. மிகவும் தளர்ந்துபோன எண்பது வயதுக்காரருக்கு இலக்கைக் கொஞ்சம் தளர்த்துவார்கள். எழுந்து நிற்கும்போது தலைசுற்றி விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடுமே என்ற பயம்தான் காரணம்.

மாத்திரை ஆரம்பித்தால் ஆயுசுக்கும் விடமுடியாதாமே? எனக்கு இப்போது நார்மல் ஆகிவிட்டது.

'நார்மல் ஆயிடுச்சு, நிறுத்திட்டேன்.' இந்த நோயில் நான் மிகவும் பயப்படும் வாக்கியம் இதுதான். கண்ணாடி போட்டால் எழுத்து தெளிவாகத் தெரிகிறது. தெளிவாகத் தெரிகிறதே என்று யாரும் கண்ணாடியைக் கழற்றி எறிவதில்லை. மாத்திரை சாப்பிடுவதால்தான் 128. நிறுத்தினால் சில நாட்களில், சில வாரங்களில் பழைய இடத்துக்கே போகும். அது ஏறியதும் தெரியாது.

நாட்டின் கணக்கைப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2023 அறிக்கைப்படி, நோய் உள்ள இந்தியர் நூறு பேரில் கண்டறியப்பட்டவர் 37. மருந்து சாப்பிடுகிறவர் 30. கட்டுக்குள் வைத்திருப்பவர் 15. தமிழ்நாட்டில் பிரஷர், சுகர் போன்ற தொற்றாத நோய்களைக் கணக்கெடுக்க 2020-ல் எடுத்த 'ஸ்டெப்ஸ்' ஆய்வில் கட்டுக்குள் வைத்திருந்தவர் நூற்றுக்கு 7.3 பேர்தான். இத்தனை மருத்துவக் கல்லூரி உள்ள மாநிலத்தில். எத்தனை பேருக்கு வருகிறது என்ற எண்ணைவிட இந்த எண்தான் எனக்குப் பெரியதாகப் படுகிறது. வந்த நோயைப் பிடித்து வைக்க மலிவான, பழகிய மருந்து கையில் இருக்கிறது. அது பாதி வழியில் சிந்திப்போகிறது.

ஏன் நிறுத்துகிறார்கள்? சோம்பலை மட்டும் சொல்வது அநியாயம். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போகும். வரிசையில் நின்று போய்ச் சேர்ந்தால் அந்த மாத்திரை இருப்பில் இல்லை. போனமுறை வெள்ளை மாத்திரை, இந்தமுறை மஞ்சள், எது எதற்கென்று யாரும் சொல்வதில்லை. திருப்பூருக்கு வேலைக்குப் போனவருக்கு ஊர் ஆஸ்பத்திரிச் சீட்டு அங்கே செல்லுமா என்று தெரியாது. வீட்டுப் பெண்கள் கணவருக்கு மாத்திரை எடுத்து வைப்பார்கள், தங்கள் மாத்திரை தீர்ந்து பத்து நாளாகியிருக்கும்.

எடை குறைந்து, உப்பு குறைந்து, குடியும் நின்றால் சிலருக்கு மாத்திரையைக் குறைக்கலாம், அரிதாக நிறுத்தவும் செய்யலாம். டாக்டர் குறைக்க வேண்டும், நீங்களாக அல்ல. குறிப்பாக அட்டெனோலால் போன்றவற்றைத் திடீரென்று விட்டால் இதயம் துள்ளிக் குதிக்கும்.

வருஷக்கணக்கில் சாப்பிட்டால் கிட்னி போய்விடாதா?

கதை தலைகீழ். கட்டுக்கடங்காத அழுத்தம்தான் கிட்னியைக் கெடுக்கிறது, மாத்திரை அதைக் காக்கிறது. கிட்னி கெட்ட ஒருவர் பல வருடமாகப் பிரஷர் மாத்திரை சாப்பிட்டவராக இருப்பார், பழி மாத்திரைமேல் விழும். மூட்டுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் தானாகக் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக்தான் உண்மையில் பயப்பட வேண்டியது. அது கிட்னியையும் கெடுக்கும், பிரஷரையும் ஏற்றும். அதைப்பற்றி யாரும் வாட்ஸ்அப்பில் அனுப்புவதில்லை.

பக்கவிளைவே இல்லை என்று சொல்லவில்லை. அம்லோடிபினில் கால் வீங்கலாம். எனலாப்ரிலில் வறட்டு இருமல் வரலாம். சொன்னால் மாற்றித் தருவார்கள்.

நாட்டு மருந்தில் குணமாகாதா?

சுவாரசியமான வரலாறு இருக்கிறது. பிரஷருக்கு உலகம் முழுவதும் பயன்பட்ட ஆரம்பகால மருந்துகளில் ஒன்று நம் மண்ணிலிருந்து போனதுதான். சர்ப்பகந்தா வேர் அழுத்தத்தைக் குறைக்கிறது என்று சென், போஸ் என்ற இரு இந்திய மருத்துவர்கள் 1931-ல் எழுதினார்கள். பம்பாயின் ருஸ்தம் ஜால் வகீல் நோயாளிகளிடம் சோதித்து 1949-ல் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் வெளியிட்டார். அதிலிருந்து பிரித்தெடுத்ததுதான் ரிசர்பின். பிறகு மனச்சோர்வு போன்ற பக்கவிளைவுகளால் ஓரங்கட்டப்பட்டது. அதாவது மூலிகை வேலை செய்தது, அளந்து கொடுத்தபோது. அளவில்லாமல் பொடியாக வாங்கிச் சாப்பிடுவது வேறு விஷயம். பூண்டும் முருங்கைக்கீரையும் நன்றாகச் சாப்பிடுங்கள், ஆனால் மாத்திரைக்குப் பதிலாக அல்ல.

வீட்டில் மெஷின் வாங்கலாமா? ஒவ்வொரு முறையும் வேறு எண் காட்டுகிறதே.

வாங்கலாம். மேல்கையில் கட்டும் மெஷின் வாங்குங்கள், மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். பட்டை கைக்குப் பொருந்த வேண்டும். பருமனான கைக்குச் சிறிய பட்டை கட்டினால் இல்லாத பிரஷரைக் காட்டும்.

எண் மாறுவது மெஷினின் குற்றம் இல்லை. அழுத்தம் நிமிடத்துக்கு நிமிடம் மாறும். காபி, பீடி, சிகரெட் முடித்து அரைமணி ஆகட்டும். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்த்து, கால் தரையில் ஊன்றி, ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். கை நெஞ்சு உயரத்தில் மேசைமேல். பேசக்கூடாது. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்த்துக் குறித்துவையுங்கள். மாடிப்படி ஏறி வந்த கையோடு, சட்டைமேலேயே பட்டையைக் கட்டி, பேசிக்கொண்டே பார்க்கும் எண்ணுக்கு மதிப்பில்லை, அதை எந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் எடுத்தாலும் சரி. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை பார்த்துப் பதறுவதும் ஒரு வியாதிதான்.

அரசு என்ன செய்கிறது?

2017-ல் தொடங்கிய இந்திய உயர் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டுத் திட்டம் செய்தது எளிய காரியம். திட்டத்தில் சேர்ந்த எல்லா ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஒரே சிகிச்சை முறை, ஒரே நாலைந்து மருந்து, மாதத்துக்கான மாத்திரை மொத்தமாக. முக்கியமானது, வரவேண்டிய நாளில் வராதவர் யார் என்ற பட்டியல் நர்ஸ் கையிலுள்ள போனில் இருக்கும், அவரைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். இதில் சேர்ந்தவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் கட்டுக்குள் வந்தார்கள். 2022-ல் ஐ.நா. விருது கிடைத்தது.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இன்னும் ஒரு படி போய், பிரஷர், சுகர் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள் வீடுவீடாகப் போகிறார்கள். இதற்கும் 2024-ல் ஐ.நா. விருது. அடுத்த ஸ்டெப்ஸ் ஆய்வில் கட்டுக்குள் இருப்பவர்கள் 7.3-லிருந்து 17 சதவீதம் ஆனார்கள். நல்ல ஏற்றம்தான். மீதி 83 பேர் இன்னும் வெளியே நிற்கிறார்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

கர்ப்பமாக இருக்கும்போது ஏறினால்?

காத்திருக்க வேண்டாம். இருபது வாரத்துக்குப் பிறகு 140/90 தொட்டால் தாய்க்கு வலிப்பும் குழந்தைக்கு ஆபத்தும் வரலாம். கடுமையான தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி இருந்தால் அன்றே போக வேண்டும். ஏற்கெனவே டெல்மிசார்டன், எனலாப்ரில் சாப்பிடும் பெண் குழந்தை பெற நினைக்கும்போதே சொல்லிவிட வேண்டும், அவை கருவுக்கு ஆகாது. பிரசவத்துக்குப் பின் இறங்கினாலும் பிற்காலத்தில் பிரஷர் வரும் வாய்ப்பு இவர்களுக்கு அதிகம், வருடாவருடம் பார்க்க வேண்டும்.

திடீரென்று 200 காட்டினால்?

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு பக்கம் கைகால் விளங்காமை, வாய் கோணல், பேச்சுக் குழறல், பார்வை போதல் இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே 108. பக்கவாதத்தில் அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு, அது படுத்து எழுந்து பார்ப்போம் என்பதற்குள் முடிந்துவிடும்.

இவை ஒன்றுமே இல்லையென்றால் பதறாமல் பத்து நிமிடம் உட்கார்ந்து மறுபடி பாருங்கள். அப்போதும் குறையவில்லை என்றால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். நாக்குக்கு அடியில் நிஃபெடிபின் என்ற பிரஷர் மருந்தை வைக்கும் பழைய பழக்கம் வேண்டாம். அழுத்தம் சரேலென்று விழுந்து மூளைக்கு ரத்தம் போகாமல் அதுவே பக்கவாதத்தில் கொண்டுவிட்டிருக்கிறது.

காலையில் மாத்திரை போட மறந்துவிட்டேன். நாளைக்கு இரண்டாகப் போடலாமா?

வேண்டாம். இன்று ஞாபகம் வந்தவுடன் ஒன்று போடுங்கள். மறுநாள் காலையில்தான் ஞாபகம் வந்தது என்றால் அந்த நாளுக்குரிய ஒன்று மட்டும். அடிக்கடி மறக்கிறது என்றால் பல் துலக்கும் பிரஷ் பக்கத்தில் அட்டையை வையுங்கள்.